விரல் நடுங்கும் நேரம்

பல வருட சாதகத்தை ஒரு நிமிடப் பதற்றம் குலைத்துவிடுகிறது. இசை உலகமோ இதை வெளியே சொல்லக் கூடாத பலவீனமாகவே கருதிவருகிறது. ஸ்வரத்தையும் தாளத்தையும் போல இதையும் பயிற்சியால் வசப்படுத்தலாம் என்கிறது உளவியல்.

1901-ஆம் ஆண்டு. சான்பிரான்சிஸ்கோ அருகேயுள்ள டமால்பையஸ் மலையிலிருந்து நண்பர்களுடன் இறங்கிக்கொண்டிருந்தார் ஸ்பெயின் நாட்டு இளைஞர் ஒருவர். மேலிருந்து உருண்டு வந்த பாறை அவரது இடது கை விரல்களை நசுக்கியது. ரத்தம் வழியும் கையைப் பார்த்ததும் அவர் மனதில் முதலில் எழுந்தது நிம்மதி. அப்பாடா, இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை!

அந்த இளைஞர் பாப்லோ காசல்ஸ். 20-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த செல்லோ கலைஞர் என்று பெயரெடுத்தவர். விரல்கள் குணமாயின. 1973-ல் தனது 96-வது வயதில் இறந்த அவர், தொண்ணூறைத் தாண்டிய பிறகும் மேடையேறினார். ஆனால் மேடை பயம் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை. மலையில் தோன்றிய அந்த எண்ணத்தையும் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

காசல்ஸ் தனியாள் அல்ல. பியானோ மேதை விளாதிமிர் ஹோரோவிட்ஸ் புகழின் உச்சியில் இருந்தபோது, 1953-ல், மேடையை விட்டு விலகினார். திரும்பி வர 12 ஆண்டுகள் ஆயின. அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1967-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பெருங்கூட்டத்தின் முன் பாடும்போது வரிகளை மறந்தார். அதன் பிறகு சுமார் 27 ஆண்டுகள் அவர் கட்டணக் கச்சேரிகளைத் தவிர்த்தார். வாழ்நாள் முழுவதிலும் சோப்பின் செய்த பொதுக் கச்சேரிகள் முப்பது சொச்சம்தான். கனடாவின் கிளென் கூல்ட் 1964-ல், 31 வயதிலேயே மேடைக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் புகுந்துகொண்டார். அவரது முடிவுக்குப் பயம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கச்சேரி மேடையே ஒரு சண்டைக் களம் என்பது அவரது எண்ணம்.

நம் ஊர் சபாக்களில் இப்படி ஒரு பட்டியல் தயாரிப்பது கஷ்டம். காரணம், பயந்தவர்கள் குறைவு என்பதல்ல, ஒப்புக்கொண்டவர்கள் குறைவு. இங்கே கச்சேரி சோபிக்காவிட்டால் தொண்டை கட்டியிருக்கும், ஏ.ஸி. ஒத்துக்கொண்டிருக்காது, மைக் சரியாக இருந்திருக்காது. 'பயமாக இருந்தது' என்ற வார்த்தை மட்டும் வராது. சபைக்கு அஞ்சுவது நெடுங்காலமாகவே நமக்கு ஓர் இழுக்கு. அவையஞ்சாமைக்கு என்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியவர் வள்ளுவர். அவர் அதற்கு முன்னால் வைத்த அதிகாரம் அவையறிதல் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த மௌனத்துக்கு விலை உண்டு. பத்து வருடம் பாட்டுக் கற்ற பெண் ஒரு போட்டியில் சரணத்தை மறந்துவிட்டு, பிறகு மேடைப் பக்கமே போகாமல் நின்றுவிடுவது பல ஆசிரியர்கள் பார்த்த கதை. வீட்டில் தேனாகப் பாடும் பையன், வானொலி ஆடிஷனில் சிவப்பு விளக்கு எரிந்ததும் இன்னொருவனாக மாறிவிடுகிறான். 'இவ்வளவுதான் இவன் வித்தை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முடிவு கட்டுபவர்களில் முதல் ஆள் பெரும்பாலும் அவனேதான்.

புலிக்கு ஏற்ற உடம்பு

மேடையில் உட்கார்ந்ததும் உடம்பில் நடப்பது, காட்டில் புலியைக் கண்டால் நடப்பதேதான். அட்ரீனலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு மேலோட்டமாகிறது. எச்சில் குறைந்து நாக்கு வறள்கிறது. தோலுக்கும் விரல் நுனிகளுக்கும் போகும் ரத்தம் குறைந்து, கை கால்களின் பெரிய தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. தப்பி ஓடுவதற்கு இது அருமையான ஏற்பாடு. சஹானா ஆலாபனை செய்வதற்கு அல்ல.

ஒவ்வொரு வாத்தியக்காரரிடமும் இது ஒவ்வொரு வகையில் வட்டி வசூலிக்கிறது. வயலின்காரருக்கு வேகமான பிருகாக்களைவிட நீண்ட, மெதுவான வில்தான் சோதனை. கையின் லேசான நடுக்கம் வில் வழியாக அப்படியே ஒலியாகிவிடும். நாகஸ்வரக்காரருக்கும் புல்லாங்குழல்காரருக்கும் உதடு காய்ந்துபோகிறது. வீணையிலும் மிருதங்கத்திலும் வியர்த்த, சில்லிட்ட விரல்கள். பாடகருக்குத் தோளும் கழுத்தும் இறுகி, மூச்சு பாதி வரியில் தீர்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான இன்னொரு தொல்லை காலப்பிரமாணம். வீட்டில் நிதானமாக நடந்த கிருதி மேடையில் ஓட ஆரம்பித்துவிடும்.

ஆனால் இதே அட்ரீனலின்தான் கச்சேரிக்குக் களையும் தருகிறது. துளியும் படபடப்பு இல்லாதவரின் கச்சேரி, தூங்கி வழிய வாய்ப்பு உண்டு. 1908-லேயே ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்து இதற்கு அடிப்படை கண்டார்கள். எளிய வேலையைக் கற்பிக்கும்போது மின் அதிர்ச்சியைக் கூட்டக் கூட்ட எலிகள் வேகமாகக் கற்றன. கடினமான வேலையில் ஓரளவு அதிர்ச்சி உதவியது, அளவு மீறியதும் கெடுத்தது.

பின்னாளில் லண்டன் உளவியலாளர் கிளென் வில்சன் இதை மேடைக்குப் பொருத்தினார். கலைஞர் இயல்பிலேயே எவ்வளவு பதற்றக்காரர், அன்றைய சந்தர்ப்பம் எவ்வளவு கடுமையானது, எடுத்துக்கொண்ட உருப்படி எவ்வளவு கைவசமாகியிருக்கிறது என்று மூன்று கணக்குகள் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்றார் அவர். முதலாவதை மாற்றுவது சிரமம். இரண்டாவது நம் கையில் இல்லை. பதற்றப்படும் சுபாவம் உள்ளவர் பெரிய சபாவில் பாட நேர்ந்தால், அன்று எடுக்க வேண்டியது நேற்றுப் பாடம் செய்த உருப்படியை அல்ல என்பதே இதன் சாரம்.

கரப்பான்பூச்சி சொன்ன பாடம்

ரசிகர் கூட்டம் கலைஞருக்கு உண்மையில் என்ன செய்கிறது? இதற்குக் கரப்பான்பூச்சிகளிடம் விடை தேடினார் ராபர்ட் ஜயன்ஸ். போலந்தில் பிறந்த இந்த அமெரிக்க உளவியலாளர் 1969-ல் வெளியிட்ட ஆய்வில், கரப்பான்பூச்சிகள் வெளிச்சத்துக்கு அஞ்சி ஓடப் பாதைகள் அமைத்தார். சுற்றிலும் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்பூச்சிகளை 'ரசிகர்களாக' வைத்தார். நேரான பாதையில் ஓடியவை, ரசிகர்கள் இருந்தபோது இன்னும் வேகமாக ஓடின. திருப்பம் உள்ள பாதையில் ஓடியவையோ ரசிகர்கள் முன் தடுமாறி அதிக நேரம் எடுத்துக்கொண்டன.

மனிதர்களுக்கும் இதையேதான் ஜயன்ஸ் முன்பே, 1965-ல், சொல்லியிருந்தார். பிறர் பார்க்கும்போது, நம்முள் மிக ஆழமாக ஊறியிருப்பதுதான் முந்திக்கொண்டு வெளியே வருகிறது. ஊறியிருப்பது சரியான பாடமானால் கூட்டம் அதை மெருகேற்றும். அரைகுறைப் பாடமானால் அந்த அரைகுறையை அம்பலமாக்கும்.

அப்படியானால் நன்றாகப் பாடம் செய்தவர்களும் தவறுவது ஏன்? இங்கேதான் மனம் குறுக்கிடுகிறது. 1984-ல் அமெரிக்கர் ராய் பாமைஸ்டர், நெருக்கடி வரும்போது நம் கவனம் வேலையை விட்டு நம் மேலேயே திரும்பிவிடுகிறது என்று காட்டினார். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர், எந்தக் கால் எப்போது கீழே போகிறது என்று யோசித்துப் பார்த்தால் தள்ளாடுவார். கமகமும் அப்படித்தான். வருடக்கணக்கில் தானாக விழுந்துகொண்டிருந்த விரலை, 'சரியாக விழுகிறதா' என்று மேடையில் கண்காணிக்கத் தொடங்கினால், அந்தக் கண்காணிப்பே அதைத் தட்டிவிடும். போதாததற்கு இன்னொரு குரல் உள்ளே ஓடுகிறது: முன்வரிசையில் விமர்சகர் முகம் சுளித்தாரே, போன ஸ்வரம் தாளத்தில் சரியாக வந்து சேர்ந்ததா? அடுத்த வரியை நினைவில் வைக்க வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது.

கர்நாடகக் கச்சேரியில் இதற்குத் தனியாக ஒரு காரமும் உண்டு. இங்கே ரசிகர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. தொடையில் தாளம் போட்டபடி கணக்குப் பார்க்கிறார். கோர்வை எடுப்பில் வந்து விழாவிட்டால் அரங்கத்தில் பாதிப் பேருக்கு அந்த வினாடியே தெரிந்துவிடும். பக்கவாத்தியக்காரருக்கோ பெரும்பாலும் ஒத்திகையே கிடையாது. பாடகர் எந்த ராகத்தை எடுப்பார் என்பது மேடையில்தான் தெரிகிறது. ஆனால் அவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாடகரைக் கேட்டே ஆக வேண்டும் என்பதால், தன்னைப் பற்றி நினைக்க அவருக்கு நேரம் குறைவு.

மறதியின் ரகசியம்

மேடையில் மிகவும் அஞ்சப்படும் விபத்து மறதி. ஒரு உருப்படியை வாய்ப்பாடு போலத் தொடர்ச்சியாகவே பாடம் செய்தவருக்கு, ஒரு வரி அடுத்த வரியை இழுத்து வரும். சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் மறுபடி பல்லவிக்குத்தான் போக வேண்டும். நடுச் சரணத்திலிருந்து எடுக்கச் சொன்னால் பல மாணவர்கள் திகைப்பது இதனால்தான்.

அமெரிக்க உளவியலாளர் ரோஜர் சாஃபின், பியானோ கலைஞர் கப்ரியேலா இம்ரே ஒரு பாக் இசைப்படைப்பைப் பாடம் செய்ததை முதல் நாளிலிருந்து பதிவு செய்து ஆராய்ந்தார். தேர்ந்த கலைஞர் உருப்படி நெடுகிலும் மைல்கற்கள் நட்டுக்கொள்கிறார் என்பது அவர் கண்டது. எங்கே விரல் மாறுகிறது, எங்கே பாவம் மாறுகிறது, எங்கே பகுதி மாறுகிறது என்ற அடையாளங்கள். சங்கிலி அறுந்தாலும் அடுத்த மைல்கல்லில் போய் ஏறிக்கொள்ளலாம்.

இதன் வலிமைக்கு உதாரணம் போர்ச்சுகலின் மரியா ஜுவாவ் பிரெஸ். 1990-களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மதிய நேரக் கச்சேரி. ரசிகர்கள் நிறைந்திருக்க, ஆர்கெஸ்ட்ரா வாசிக்கத் தொடங்கியதும் அவர் முகம் வெளிறியது. அவர் எதிர்பார்த்து வந்தது வேறொரு மொசார்ட் கான்செர்ட்டோ. கண்டக்டர் ரிக்கார்டோ ஷாய், வாத்தியங்கள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, உங்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்று தைரியம் சொன்னார். தன் முறை வந்ததும் பிரெஸ் தலையைத் தாழ்த்தி வாசிக்கத் தொடங்கினார். கடைசிவரை நினைவு காலை வாரவில்லை. ரஷ்ய மேதை ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர் வேறு வழி பார்த்தார். முதுமையில், இருண்ட அரங்கில் ஒரு சிறு விளக்கை மட்டும் ஏற்றி, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே வாசித்தார். அதனால் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை.

மரபு கட்டிய படிக்கட்டு

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது, நம் கச்சேரி மரபு இவற்றில் பலவற்றைப் பெயர் சொல்லாமலே செய்துவந்திருப்பது புரிகிறது. கச்சேரியை வர்ணத்தில் ஏன் தொடங்குகிறார்கள்? குரலையும் கையையும் சூடேற்ற என்பது வழக்கமான பதில். இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதிலிருந்து இரண்டு காலங்களில் ஆயிரம் தடவை சொன்ன வர்ணத்தை விட ஆழமாக ஊறியது ஒரு கலைஞரிடம் வேறெதுவும் இல்லை. இதயம் அதிகமாகத் துடிக்கும் முதல் சில நிமிடங்களுக்கு, தவறவே வாய்ப்பில்லாத உருப்படி. ஜயன்ஸின் நேரான பாதை அதுதான். தம்புராவின் இடைவிடாத சுருதியும் அலையும் கவனத்தைக் காதுக்குத் திருப்பிவிடுகிறது.

குருவின் பின்னால் தம்புரா மீட்டியபடி பின்பாட்டுப் பாடுவதும் பெரிய பயிற்சி. மேடையும் கூட்டமும் பழகிவிடும், பொறுப்பு மட்டும் குருவுடையது. அதற்கும் முன்னால் நவராத்திரி கொலு இருந்தது. மயிலாப்பூரானாலும் மாதுங்காவானாலும் கரோல்பாக்கானாலும், சுண்டலுக்கு முன் 'ஒரு பாட்டுப் பாடேன்' என்று மாமிகள் கேட்க, ஐந்து வயதுக் குழந்தை பத்துப் பேர் முன் பாடியாக வேண்டும். மார்கழி பஜனையில் கூட்டத்தோடு கூட்டமாகக் குரல் கொடுக்கலாம். படிப்படியாகப் பயத்துக்குப் பழக்குவதுதான் இன்று மனநல மருத்துவர்கள் எல்லாவிதப் பயங்களுக்கும் சொல்லும் சிகிச்சை.

இன்று இந்தப் படிகளில் பல காணாமல் போய்விட்டன. வாரம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் திரையில் பாடம் கேட்கும் பிள்ளை, ஒரே தாவலில் போட்டி மேடைக்கோ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கோ போகிறது. அங்கே நடுவர்கள், காமிரா, 'வெளியேற்றம்'. தவறு முன்பெல்லாம் அரங்கத்தோடு போயிற்று. இப்போது யாரோ ஒருவரின் செல்போனில் பதிவாகி, இணையத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

ரகசிய மாத்திரை

படிக்கட்டு இல்லாதபோது குறுக்குவழி கவர்ச்சியாகத் தெரியும். ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1960-களில் இதய நோயாளிகளுக்காக உருவாக்கிய புரோப்ரனலால், பீட்டா பிளாக்கர் எனப்படும் மருந்து வகையின் முன்னோடி. அவருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. அட்ரீனலின் இதயத்தைத் தட்டும் கதவை இந்த மருந்துகள் அடைத்துவிடுகின்றன. 1977-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான லான்செட், 24 தந்தி வாத்தியக் கலைஞர்களிடம் நடந்த சோதனையை வெளியிட்டது. இதே வகையைச் சேர்ந்த ஆக்ஸ்பிரினலால் சாப்பிட்டவர்களுக்கு நடுக்கம் குறைந்தது, வாசிப்பும் மேம்பட்டது. பத்தே ஆண்டுகளில் விஷயம் பரவிவிட்டது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க சிம்பனி ஆர்கெஸ்ட்ராக்களின் 2,000-க்கும் மேற்பட்ட கலைஞர்களிடம் எடுத்த கணக்கில், 27 சதவீதம் பேர் இந்த மாத்திரையைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் டாக்டரைக் கேட்காமல் நண்பர்களிடம் வாங்கிச் சாப்பிட்டவர்கள்.

அதுதான் ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்களுக்கு மயக்கம் வரலாம். மேலும், இது கையின் நடுக்கத்தைத்தான் நிறுத்துகிறது. 'என்ன நினைப்பார்களோ' என்ற கவலை, மறதி, பாடம் போதாமை இவற்றுக்கு மாத்திரை கிடையாது. தாங்க முடியாத பயம் உள்ளவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் இது உதவக்கூடும். பக்கத்து சீட்டுக்காரரின் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் சமாசாரம் அல்ல.

பயத்துக்கும் சாதகம்

இன்னும் எளிமையான மருந்துகளும் ஆய்வில் தேறியிருக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட சோதனையில், முன்பின் தெரியாதவர்கள் முன் பாட வேண்டியவர்களிடம் பாடும் முன் ஒரு வாக்கியம் சொல்ல வைத்தார். 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்றவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்றவர்கள் நன்றாகப் பாடினார்கள். இரு சாராருக்கும் துடித்தது அதே இதயம்தான். துடிப்புக்கு வைத்த பெயர் வேறு. 'பயப்படாதே, அமைதியாக இரு' என்று பெற்றோர் மேடையோரத்தில் சொல்லும் உபதேசம் பலிக்காததன் காரணமும் இதுவே. துடிக்கும் இதயத்தை உத்தரவு போட்டு நிறுத்த முடியாது.

ஷியான் பைலாக், தாமஸ் கார் என்ற இருவர் 2001-ல் கோல்ஃப் பயிற்சியில் கண்டதும் இசைக்குப் பொருந்தக்கூடியது. கற்கும்போதே வீடியோ காமிராவின் முன் கற்றவர்கள், பிறகு நெருக்கடி வந்தபோது சொதப்பவில்லை. பார்க்கப்படுவது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. பாடத்தைச் சாதகம் செய்வது போல, பார்க்கப்படுவதையும் சாதகம் செய்ய வேண்டும்.

மேடைக்கு முன்னால்...

* கச்சேரிக்கு முன் குறைந்தது மூன்று ஒத்திகைக் கச்சேரிகள். முதலில் வீட்டில், பிறகு உறவினர்கள் முன், பிறகு அறிமுகமில்லாத சிலர் முன். தவறினாலும் நிறுத்தாமல் முடிக்க வேண்டும்.

* மாடிப்படி ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே வர்ணத்தைத் தொடங்கிப் பாருங்கள். துடிக்கும் இதயத்தோடு பாடுவது பழகும்.

* ஒவ்வொரு உருப்படியையும் அனுபல்லவியிலிருந்தும், நடுச் சரணத்திலிருந்தும் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

* முதல் உருப்படி கண்ணை மூடிக்கொண்டு வரக்கூடியதாக இருக்கட்டும். புதுப் பாடத்துக்கு மேடை இடமல்ல.

* மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். இதயத் துடிப்பு சற்றுத் தணியும்.

* மேடையில் கவனம் சுருதியிலும் பக்கவாத்தியத்திலும் இருக்கட்டும். தவறு நேர்ந்தால் அதற்கான விசாரணை மறுநாள் காலையில்.

* பயம் தூக்கத்தைக் கெடுத்தால், மேடையையே தவிர்க்க வைத்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணங்களைச் சீரமைக்கும் பேச்சுச் சிகிச்சை பலருக்கு உதவியிருக்கிறது.

இவற்றில் எதுவும் பயத்தை அடியோடு ஒழித்துவிடாது. காசல்ஸுக்கே ஒழியவில்லை. ஆசிரியர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, தங்கள் முதல் கச்சேரியில் தங்களுக்கும் கை நடுங்கியதை மாணவரிடம் சொல்வதுதான். அதற்குச் செலவும் இல்லை.

12 ஆண்டு வனவாசத்துக்குப் பின் ஹோரோவிட்ஸ் 1965 மே 9 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் மேடையேறினார். டிக்கெட்டுக்காக ரசிகர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் வாசித்த முதல் உருப்படியின் ஆரம்பத்திலேயே தவறான ஸ்வரங்கள் விழுந்தன. அவர் நிறுத்தவில்லை. தொடர்ந்து வாசித்தார், அன்றைய கச்சேரி சரித்திரமாயிற்று. அதே ஆண்டு வெளிவந்த இசைத்தட்டில் தவறுகள் சில திருத்தப்பட்டிருந்தன. அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து, 2003-ல், திருத்தப்படாத ஒலிப்பதிவு வெளியாயிற்று. இப்போது யார் வேண்டுமானாலும் அந்தத் தவறுகளைக் கேட்கலாம். கேட்டவர்கள் யாரும் ஹோரோவிட்ஸைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவில்லை.